அண்ணன் நிழல் தம்பி மேல் விழுந்த கதை

தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடிக்க, நான் வேலை பார்த்து ஓய்ந்த அச்சகத்துக்கே போன மாதம் போயிருந்தேன். இப்போது அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைகள் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "கனியக்கா, லேயர் ஸ்டைல் எல்லாம் வாரதுக்கு முன்னால எழுத்துக்கு எப்படி நிழல் போடுவீக?" என்று கேட்டார்கள்.

"அழுதுக்கிட்டே போடுவோம்" என்றேன்.

சிரித்தார்கள். நான் ஒன்றும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அதில் ஒருத்தி, "இருந்தாலும் கைவேலைன்னா அதுல ஒரு அழகு இருக்கும்லக்கா" என்று இழுத்தாள். கைவேலையின் அழகைப் பற்றிப் பேசுகிறவர் ஒருவரைக்கூட நான் ஏர்பிரஷும் கையுமாகப் பார்த்ததில்லை. பிடித்துப் பார்த்தவர்கள் எல்லாம் என்னை மாதிரி வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டருக்குக் கும்பிடு போட்டவர்கள்தான்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை முடித்தால் நேரே மில்லுக்குப் போக வேண்டியதுதான். எனக்கோ மூக்கில் பஞ்சு போனால் தும்மல் நிற்காது. மேஸ்திரியே கையெடுத்துக் கும்பிட்டு, "வீட்டுக்குப் போ தாயி" என்று அனுப்பிவிட்டார். அப்படித்தான் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தேன். முதலில் கொடுத்தது, கீழே விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் நெகட்டிவைப் பரப்பி, அதில் இருக்கிற ஊசி ஓட்டைகளை எல்லாம் பிரஷ்ஷால் அடைக்கிற வேலை. பிறகு எழுத்தையும் படத்தையும் அட்டையில் ஒட்டுகிற வேலை. அதற்குப் பிறகு, முன்ஜென்மத்துப் பாவம் எதற்கோ, நிழல் போடுகிற வேலை.

கல்யாணப் பத்திரிகைத் தலைப்புக்கு நிழல் வேண்டுமென்றால், எழுத்தை அட்டையில் ஒட்டி, அதன் மேல் பசையுள்ள ஃபிலிமைப் பரப்பி, பிளேடால் எழுத்தின் ஓரமாகவே வெட்டி, நிழல் விழ வேண்டிய இடத்தை மட்டும் உரிக்க வேண்டும். பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கினால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். அப்புறம் ஏர்பிரஷில் கறுப்பை ஊற்றி, கம்ப்ரசரை ஓட்டி, கை நடுங்காமல் தெளிக்க வேண்டும். எங்கள் கம்ப்ரசருக்கு இழுப்பு நோய். நன்றாக ஊதிக்கொண்டே வந்து கடைசி எழுத்தில் ஒரு சொட்டைத் துப்பிவிடும். அதையும் சமாளித்து நிமிர்ந்தால், மாப்பிள்ளையின் அப்பா படியேறி வந்து, "பேருக்குப் பின்னால பி.ஏ. போடணும்லா, மறந்துட்டேன் பாரும்மா" என்பார். மகன் ஒரு தடவைதான் பரீட்சை எழுதியிருப்பான். அதற்கு நாங்கள் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தோம்.

எங்கள் முதலாளி சஞ்சீவி ராஜா. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருக்கு உலகத்தில் ஒரே கொள்கைதான் உண்டு. ஒரு படத்தில் ஒரு வெளிச்சம்தான் இருக்கலாம். புரூஃபைக் கையில் கொடுத்தால் படிக்க மாட்டார். வாசலுக்கு எடுத்துப் போவார். சைக்கிள் சீட்டின் மேல் விரித்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அதன் மேல் செங்குத்தாக நிறுத்துவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலின் நிழலையும் எங்கள் நிழலையும் மாறி மாறிப் பார்ப்பார். முருகனுக்கு இந்தப் பக்கமும் மயிலுக்கு அந்தப் பக்கமும் நிழல் விழுந்திருந்தால் தொலைந்தோம். "ஏமிடம்மா இதி? சாமிக்கு ஒரு சூரியன், மயிலுக்கு ஒரு சூரியனா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். ஒரு தடவை மணமகள் பெயரையே தப்பாக அடித்து அனுப்பினோம். அது அவர் கண்ணில் படவில்லை. நிழல் சரியாக இருந்ததாம்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலாளி சூடம் காட்டித் திறந்து வைத்தார். அதில் லேயர் என்று ஒன்று உண்டு. பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கண்ணாடித் தாள்களில் ஆளுக்கு ஒரு படத்தை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரிதான். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். ஆனால் நிழல் அப்போதும் சும்மா வரவில்லை. எழுத்து லேயரை நகலெடுத்து, கறுப்பை நிரப்பி, மங்கலாக்கி, கொஞ்சம் தள்ளி, அடர்த்தியைக் குறைத்து, எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும். அது மங்கலாக்கி முடிப்பதற்குள் நான் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். பி.ஏ. விஷயம் மட்டும் மாறவில்லை. எழுத்து மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

பிறகு ஒரு நாள் மதுரையிலிருந்து போட்டோஷாப்பின் புதுப் பதிப்பு வந்தது. மெனுவில் லேயர் எஃபெக்ட் என்று ஒரு புது இடம். இப்போது லேயர் ஸ்டைல் என்கிறார்களே, அதன் ஆதி. நிழல் என்கிற கட்டத்தில் டிக் அடித்தேன். நிழல் வந்தது. பெயருக்குப் பின்னால் பி.ஏ. சேர்த்தேன். பி.ஏ.வுக்கும் நிழல் தானாகவே வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன். அத்தனை சந்தோஷம்.

முதலாளி நம்பவில்லை. ஸ்கிரீன் மேலேயே பென்சிலை நிறுத்திப் பார்த்தார். அதில் கோணம் என்று ஒரு கட்டம் இருப்பதையும், அதை ஒரு இடத்தில் மாற்றினால் படத்தில் உள்ள அத்தனை நிழலும் சேர்ந்து திரும்புவதையும் காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அதான்ம்மா! சூரியன் ஒண்ணுதான்னு அமெரிக்காக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். அன்றைக்கு எல்லாருக்கும் வடை.

எழுத்தைப் புடைக்க வைக்கவும் அதில் ஒரு டிக் இருந்தது. நான் சும்மா இருப்பேனா? அந்த வருசம் எங்கள் ஊரில் எழுத்தெல்லாம் வீங்கிப்போய்த் திரிந்தது. பால்கோவா டப்பா, பேண்டேஜ் துணிப் பொட்டலம், பள்ளிக்கூட ஆண்டு விழா, எதையும் விடவில்லை. ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் காலமானவர் பெயரைத் தங்கக் கட்டியாட்டம் மினுங்க வைத்துவிட்டேன். அவர் சம்சாரம் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உசுரோட இருக்கையில இந்த மனுசன் இம்புட்டு மினுங்குனதில்லையே தாயி" என்றார். குறையாகச் சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த ஆட்டமெல்லாம் முத்துலட்சுமி வருகிற வரைக்கும்தான்.

முத்துலட்சுமி ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊர் கான்சாபுரம். அவளுக்கு இரண்டு அண்ணன்மார். பெரியவர் குருசாமி, சின்னவர் வேலுச்சாமி. அப்பா காலமான பிறகு நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை யாராலும் பிரிக்க முடியாதே. யார் என்றைக்கு மோட்டார் போடுவது என்பதில் ஆரம்பித்து, வரப்பில் ஒருத்தர்மேல் ஒருத்தர் மண்வெட்டி ஓங்கினதில் போய் நின்றது. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. தங்கச்சி வளைகாப்புக்குக்கூட ஒருத்தர் காலையிலும் ஒருத்தர் சாயங்காலமும் வந்து போனார்களாம்.

இப்போது அவள் மகளுக்குக் காதணி விழா. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இரண்டு பேர் என்றால் பெரியவர் மடிதான் வழக்கம். அதைச் செய்தால் சின்னவர் வர மாட்டார். முத்துலட்சுமி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வலது காது பெரிய மாமன் மடியில், இடது காது சின்ன மாமன் மடியில்.

"பத்திரிகையில ரெண்டு பேரு போட்டோவும் பக்கத்துல பக்கத்துல வரணும்க்கா" என்று இரண்டு படங்களையும் முந்தானையிலிருந்து எடுத்தாள். "போட்டோவ வாங்குறதுக்கே நான் எம்புட்டு அலைஞ்சேன்னு எனக்குத்தான் தெரியும். இதுல ஒருத்தர் மூஞ்சி கோணுச்சுன்னாலும் போச்சு. ரெண்டு பேரும் வரலைன்னா எனக்கு இந்த விழாவே வேண்டாம்க்கா."

"இது ஒரு வேலையா? சாயந்தரம் வந்து வாங்கிக்கோ" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு பேரையும் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து, மார்பளவுப் படமாக நெருக்கி நிறுத்தினேன். அண்ணன் லேயர் மேலே, தம்பி லேயர் கீழே. வேறு எப்படி வைப்பது? மூத்தவர் அல்லவா. வெளிச்சம் முதலாளிக்குப் பிடித்த இடது மேல்மூலையிலிருந்து. நிழலை நன்றாகத் தாராளமாகப் போட்டேன். எனக்கு அழகாகத்தான் இருந்தது. முதலாளியும் பென்சிலை வைத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் வேலுச்சாமி மொபெட்டில் வந்து இறங்கினார், புரூஃபைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

"இது என்ன, என் கன்னத்துல கறுப்பா?"

"நிழல் அண்ணாச்சி. டிசைனு."

"யாரு நிழலு?"

"உங்க அண்ணன்…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்படிச் சொல்லுங்க! அவன் நிழல்ல ஒண்டிக்கிட்டுத்தான் நான் பொழைக்கேன்னு ஊரு பூராப் பத்திரிகை குடுக்கணுமோ? ஒண்ணு, இந்தக் கறுப்ப எடுங்க. இல்ல, என் போட்டோவ எடுங்க. நான் வரவும் மாட்டேன்."

இது எனக்குத் தெரிந்த வேலைதான். லேயரை மாற்றி அடுக்கி, தம்பியை மேலே கொண்டுவந்தேன். அண்ணன் நிழல் தம்பி படத்துக்கு அடியில் போய் மறைந்துகொண்டது. அடுத்து குருசாமி வந்தார். அவர் கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புரூஃபில் இரண்டு தோளும் சேருகிற இடத்தில் விரலை வைத்தார்.

"ஏம்மா, நான் எதுக்குள்ள செருகிக் கெடக்கேன்?"

"அண்ணாச்சி?"

"தம்பி தோளு முன்னால இருக்கு. என் தோளு அதுக்கு அடியில போகுது. மூத்தவன் யாரு? பாக்கவன் என்ன நெனைப்பான்?" என்றார். கம்ப்யூட்டரே தெரியாத மனுசர், லேயர் வரிசையை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

பிள்ளையை நடுவில் வைத்துப் பார்த்தேன். மாமன் நிழல் பிள்ளை முகத்தில் விழுந்தது. "ஐயய்யோ, பச்சப்பிள்ளை மேல நிழலா! எங்க மாமியா பாத்தாக, என்னைய உரிச்சு உப்பத் தடவிருவாக" என்றாள் முத்துலட்சுமி. நிழலையே எடுத்துவிட்டு அனுப்பினேன். குருசாமியிடமிருந்து பதில் வந்தது. "எங்க ஊர்ல நிழல் விழாததுக்குப் பேரு வேற. அது புளிய மரத்துல குடியிருக்கும்" என்றாராம். சரி, அண்ணன் நிழலை இடப்பக்கம் வெளியேயும், தம்பி நிழலை வலப்பக்கம் வெளியேயும் தள்ளிவிட்டால் யார் மேலேயும் யாரும் விழ மாட்டார்களே என்று ஆளுக்கு ஒரு கோணம் வைத்தேன். அதை முதலாளி பார்த்துவிட்டார்.

"ஒத்தம்மா, ஒத்து!" என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவர் பாஷையில் வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். "ரெண்டு சூரியனா? என் பிரஸ்ஸு பேரு போட்டு வெளிய போற படத்துலயா? ஒரு சூரியனுக்கே இந்த ஊர்ல வெந்து சாகுறோம்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அச்சு ஏற வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. முத்துலட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்கிறாள். இரண்டு அண்ணன்மாரும் ஆளுக்கு ஒரு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம், படம் சரியில்லை என்றால் காதணிக்கு வர மாட்டோம் என்று. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"மொதலாளி, உங்க சூரியன் ஒண்ணாவே இருக்கட்டும்" என்றாள். "எனக்கு அண்ணன்மாரு ரெண்டு பேரு. நான் யார விட?"

முதலாளி வாசலில் போய் நின்றுகொண்டார். பென்சிலைக்கூட வெளியே எடுக்கவில்லை.

நான் ஸ்கிரீனைப் பார்த்துத் திட்டினேன். அதற்கென்ன ரோஷமா வரப்போகிறது? திட்டிக்கொண்டே அண்ணன் தோளில் கொஞ்சம், தம்பி தோளில் கொஞ்சம் சீவிவிட்டு, ஒருவர் மேல் ஒருவர் ஏறாமல் விளிம்போடு விளிம்பாக ஒட்டினேன். ஒட்டியதும்தான் புத்தி வந்தது. இரண்டு லேயரையும் சேர்த்து ஒரே லேயராக்கிவிட்டால், கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு ஆள் இல்லை. இரண்டு தலையுள்ள ஒரே ஆள். அந்த ஆளின் வெளி ஓரத்தைச் சுற்றி மட்டும்தான் நிழல் விழும். உள்ளுக்குள் விழாது. சேர்த்தேன். நிழலுக்கு டிக் அடித்தேன். யார் கன்னத்திலும் கறுப்பு இல்லை, யாரும் யாருக்கும் அடியில் இல்லை. இரண்டு பேருக்கும் பின்னால் ஒரே நிழல் நீளமாக விழுந்து கிடந்தது.

முத்துலட்சுமி குனிந்து பார்த்தாள். "இது யாரு நிழலுக்கா?"

"ரெண்டு பேருதும்."

"இதுல பெரியண்ணனுது எது, சின்னண்ணனுது எது?"

"கம்ப்யூட்டருக்கே தெரியாது, எனக்கு எங்க தெரியப் போகுது?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். முதலாளி உள்ளே வந்து, பூதக்கண்ணாடியை ஸ்கிரீனிலேயே ஒட்டி வைத்து, தோளும் தோளும் சேருகிற கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒரு சூரியன். ஒரு நிழல்" என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

வேலுச்சாமி புரூஃபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல யாரு மேல இருக்கா?" என்று கேட்டார். "கண்டுபிடிங்க அண்ணாச்சி, பாப்போம்" என்றேன். முடியவில்லை. குருசாமி, "அவன் தோளு என் தோளுல படுதேம்மா" என்றார். "படத்துலதான அண்ணாச்சி, நேருலயா படுது?" என்றேன். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "படத்துலன்னா சரி" என்று போய்விட்டார். அச்சு ஏறியது.

காதணி விழா வ. புதுப்பட்டிப் பக்கம் அவர்கள் குலசாமி கோயிலில். முதலாளியும் நானும் போயிருந்தோம். இரண்டு அண்ணன்மாரும் வந்துவிட்டார்கள். வந்தார்களே தவிர, கோயில் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். முத்துலட்சுமி இரண்டு பலகையைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாள். மொட்டை போட்ட பிள்ளையைப் பெரியவர் மடியில் வைத்து, ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை ஊரே அதிர வீறிட்டு, பெரிய மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அடுத்து சின்ன மாமன் மடிக்குப் போக வேண்டும். வேலுச்சாமி மரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார்.

பிள்ளை கையை எடுக்கவில்லை. முத்துலட்சுமி பிரித்துப் பார்த்தாள். சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கத்துகிறது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "ரெண்டையும் அங்கனயே குத்திருங்களேன்" என்று யாரோ ஒரு புண்ணியவான் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். வேலுச்சாமியின் நீட்டிய கை மெல்ல இறங்கியது. முத்துலட்சுமி முகத்தில் ரத்தம் இல்லை. குருசாமி மட்டும் "சரி, குத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தம்பி அப்படியே எழுந்து வண்டியை எடுத்திருப்பார்.

குருசாமி அதைச் சொல்லவில்லை. யாரையும் பார்க்காமல், உட்கார்ந்திருந்த பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

வேலுச்சாமி எழுந்தார். நின்றார். பிறகு வந்து அந்தப் பலகையிலேயே உட்கார்ந்தார். இரண்டு பேருக்குப் பத்தாத பலகை, தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. பிள்ளையின் தலை பெரியவர் நெஞ்சில், கால் சின்னவர் மடியில். ஆசாரி ஊசியைத் தூக்கியதும் பிள்ளை துள்ளியது.

"யோவ், மெதுவாக் குத்துய்யா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஆசாரி அரண்டுபோய் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

"அண்ணே, தலைய அசையாமப் பிடி" என்றார் வேலுச்சாமி.

"பிடிச்சிருக்கேன்லே. நீ கால விட்டுராத."

குத்தி முடித்துவிட்டார்கள். பிள்ளை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதது. முத்துலட்சுமி வந்து தூக்கவில்லை. கண்ணீர் வழிய வழிய நின்ற இடத்திலேயே நின்று, "அண்ணே, செத்த நேரம் அப்படியே இருங்க ரெண்டு பேரும்" என்றாள்.